வீரசோழன் ஆஸ்பத்திரியும் நாலு பூனைக்குட்டிகளும்

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்கு யானையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். குதிரையைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். பூனையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. நானும் பதினைந்து வருஷங்களாக யானைகளை மோத விட்டும், குதிரைகளை நள்ளிரவில் ஓட விட்டும் பக்கங்களை நிரப்பியிருக்கிறேன். ஒரு பூனையாவது என் கதைகளில் குறுக்கே போனதாக நினைவில்லை. அதற்குத் தண்டனையோ என்னவோ, ஒரு முக்கியமான கல்வெட்டைப் பார்ப்பதற்காக நான் திருமுக்கூடலுக்குப் போனபோது, நாலு பூனைக்குட்டிகளுடன் போகும்படி நேர்ந்தது.

எங்கள் வீட்டுப் பூனை வருஷத்துக்கு இரண்டு தடவை பரணில் குட்டி போடும். போட்டதும் வீட்டில் எல்லோருக்கும் கொண்டாட்டம். ஒரு மாதம் கழிந்ததும் எல்லோருக்கும் கவலை. இந்தத் தடவை நாலு. கரிக்கட்டைபோல ஒன்று, சாம்பல் நிறத்தில் இரண்டு, வெள்ளையில் மஞ்சள் திட்டுடன் ஒன்று. குட்டிகள் பரணை விட்டு இறங்கி என் மேஜைமேல் ஏறப் பழகியபோது, அவற்றுக்கு முப்பத்தைந்து நாள் வயது.

“என்னங்க, எப்படியும் ஆற்றங்கரை ஊருக்குத்தானே போகிறீர்கள்? இதுகளையும் கூடையில் எடுத்துப்போய் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். கோயில் இருக்கிற ஊர். யாராவது பால்சாதம் போடாமலா இருப்பார்கள்?” என்றாள் என் மனைவி. அவள் கல்நெஞ்சக்காரி அல்ல. இப்படிச் செய்வதுதான் நம் ஊர் வழக்கம். நாயைக் கட்டிப் போடுகிறோம், மாட்டை விற்கிறோம், பூனைக்குட்டியைக் ‘கொண்டுபோய் விட்டு’ வருகிறோம். அந்த இரண்டு சொற்களில் எத்தனை சௌகரியம் இருக்கிறது பாருங்கள்! எங்கே விட்டோம், யாரிடம் விட்டோம் என்ற கேள்வியே அதற்குள் கிடையாது. போன வருஷம் மூன்று குட்டிகளை நானே ஒரு சந்தைத் திடலின் ஓரத்தில் ‘விட்டு’ வந்திருக்கிறேன். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன். அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

ஆகவே, ஒரு பிரப்பங்கூடையில் குட்டிகளை வைத்து, மேலே பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

திருமுக்கூடல் என்பது காரணப் பெயர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் அங்கே கூடுகின்றன. வருஷத்தின் பெரும் பகுதியில் கூடுவது என்னவோ மணலும் மணலும்தான். வடகரையில் பழைய சீவரத்து மலைமேல் நரசிம்மர். தென்கரையில் அப்பன் வேங்கடேசப் பெருமாள். பொங்கலுக்கு மறுநாள் காஞ்சி வரதராஜர் பாரிவேட்டைக்கு இந்தப் பக்கம் எழுந்தருளுவார். சுற்றுவட்டாரத்துப் பெருமாள்களும் வந்து சேர, அந்த ஒரு நாள் மணல் தெரியாமல் ஜனங்கள் நிற்பார்கள். மற்ற நாட்களில் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் கோயில் அமைதியாக இருக்கும். நான் போன நாளில் அந்த அமைதியைக் கெடுத்தது என் கூடைதான்.

நான் பார்க்கப் போனது வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு. 1067-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். அவனது ஐந்தாவது ஆட்சியாண்டு. கே. வி. சுப்பிரமணிய ஐயர் இதைப் படித்து, ‘எபிகிராபியா இந்திகா’வின் 21-ஆம் தொகுதியில் வெளியிட்டிருக்கிறார். மற்றக் கல்வெட்டுகளைப் போலவே இதுவும் சண்டையில்தான் தொடங்குகிறது. சளுக்கியரைக் கூடல் சங்கமத்தில் முறியடித்த பெருமை எல்லாம் முதலில் வரும். நாவலாசிரியர்கள் அந்த இடத்தோடு குறிப்பேட்டை மூடிவிடுவது வழக்கம். இந்தக் கல்வெட்டின் அருமை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

வயலைக்காவூர் என்ற கிராமத்தின் வருமானம் இந்தக் கோயிலுக்கு உரியது. அந்த வருமானம் எப்படிச் செலவாக வேண்டும் என்று படியும் நாழியுமாகக் கணக்கிட்டுக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஜனநாத மண்டபத்தில் ஒரு பள்ளி. ருக் வேதத்துக்குப் பத்து மாணாக்கர்கள், யஜுர் வேதத்துக்குப் பத்துப் பேர், வியாகரணத்துக்கு இருபது பேர். மற்றவர்களையும் சேர்த்து அறுபது பேருக்குச் சாப்பாடு. சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்துக்கு எண்ணெய்கூட ஒதுக்கியிருக்கிறது! அதை அடுத்து ஓர் ஆதுலசாலை வருகிறது. ஆதுலர் என்றால் நோயாளிகள், ஆதரவற்றவர்கள். ‘வீரசோழன்’ என்று அந்த வைத்தியசாலைக்குப் பெயர். பதினைந்து பேர் படுத்துச் சிகிச்சை பெறலாம். தலைமை வைத்தியர் கோதண்டராமன் அச்வத்தாம பட்டன். அவருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவைச் சிகிச்சை செய்கிறவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவர இரண்டு ஆட்கள். மருந்து காய்ச்சவும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும் இரண்டு பெண்கள். ஒரு நாவிதர். சேமிப்பில் இருக்க வேண்டிய சுமார் இருபது மருந்துகளின் பட்டியல். குடிதண்ணீரில் ஏலமும் வெட்டிவேரும் இட வேண்டும் என்ற விவரம். இரவில் நோயாளிகள் இருட்டில் கிடக்கக் கூடாது என்று ஒரு விளக்கு. அந்த விளக்குக்கு எண்ணெய்.

அந்த விளக்குக்கு எண்ணெய் ஒதுக்கிய வரியில்தான் நான் நின்றேன். ராஜாக்கள் நந்தா விளக்கு ஏற்றுவார்கள், அது சுவாமிக்கு. இது யாரோ பதினைந்து பேருக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, தாம் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் பயப்படுகிறவர்களுக்கு. அந்தப் பயத்தைத் தெரிந்த ஒருவர், கணக்குப் போடும் இடத்தில் இருந்திருக்கிறார்.

இதை நான் நெகிழ்ந்து நினைத்துக்கொண்டிருந்தபோது, மண்டபத்து நிழலில் வைத்திருந்த கூடையிலிருந்து நாலு குட்டிகளும் சேர்ந்து கத்தின.

பூனைக்கு வீடு தேடிக் கொடுக்கும் வேலை இன்று நேற்று வந்ததல்ல. மனிதன் செய்த மிகப் பழைய தரகு வேலைகளில் அதுவும் ஒன்று. சைப்ரஸ் தீவில் சில்லுரோகாம்போஸ் என்ற இடத்தில், சுமார் 9,500 வருஷங்களுக்கு முந்திய ஒரு கல்லறையைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் தோண்டினார்கள். 2004-இல் அதைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. ஒரு மனிதனின் எலும்புக் கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில், ஒரு வயதுகூட நிறையாத ஒரு பூனையின் எலும்புக் கூடு. சைப்ரஸ் தீவுக்கு உரிய பூனை இனம் கிடையாது. கரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் கடல். பூனை நீந்தி வந்திருக்காது. யாரோ ஒருவர் படகில் வைத்துக் கொண்டுவந்திருக்க வேண்டும். போகிற இடத்தில் இதற்கு ஒரு வீடு உண்டு என்று நினைத்துக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

2007-இல் வெளியான மரபணு ஆராய்ச்சியின்படி, இன்றைய வீட்டுப் பூனைகள் எல்லாம் மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் ஒரு காட்டுப் பூனை இனத்தின் வாரிசுகள். மனிதன் தானியம் சேர்த்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. நாயை நாம் பழக்கினோம் என்று சொல்லலாம். பூனை தானாகவே வந்து, நம்மைப் பார்த்து, ‘பரவாயில்லை’ என்று தீர்மானித்துத் தங்கியது. சிந்து வெளியில் சான்ஹு தாரோ என்ற ஊரில் ஒரு செங்கல் கிடைத்தது. ஈரமாகக் காய்ந்துகொண்டிருந்தபோது அதன்மேல் ஒரு பூனை ஓடியிருக்கிறது. அதைத் துரத்திக்கொண்டு ஒரு நாயும் ஓடியிருக்கிறது. நாலாயிரம் வருஷங்களுக்கு மேலாகியும் அந்தத் துரத்தல் முடியவில்லை.

தமிழிலும் பூனை பழைய குடிதான். காட்டுப் பூனைக்கு வெருகு என்று பெயர். வெருகின் பிள்ளையைக் குட்டி என்று சொல்வது மரபு எனத் தொல்காப்பியம் விதித்திருக்கிறது. எலிக்கும் அணிலுக்கும் அதே பெயர்தான். கம்பர் அவையடக்கம் சொல்லும்போது, பாற்கடல் முழுவதையும் நக்கிவிடலாம் என்று போன ஒரு பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். அதே பாலாறு கடலைச் சேரும் இடத்துக்கு வடக்கே, மாமல்லபுரத்துப் பெரும்பாறையில், ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி ஒரு பூனையைத் தவம் செய்ய நிறுத்தியிருக்கிறான். முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அது நிற்கிறது, காலடியில் எலிகள். மகாபாரதத்து உத்தியோக பருவத்தில் வரும் போலித் தவசிப் பூனையின் கதை அது.

திருமுக்கூடல் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியருக்கு 90 கலம், அறுவை செய்கிறவருக்கு 30 கலம் என்றால், அவ்வளவு நெல்லும் எங்கேயோ ஒரு களஞ்சியத்தில் குவிந்திருக்க வேண்டும். நெல் குவிந்த இடத்தில் எலி இல்லாமல் இராது. எலி இருந்த இடத்தில் பூனை இல்லாமல் இருந்திருக்காது என்பது என் ஊகம். நாவிதர் வரைக்கும் சம்பளம் எழுதியவர்கள் அந்தக் காவல்காரனுக்கு மட்டும் ஒரு நாழிப் பால் எழுத மறந்துவிட்டார்கள்.

இப்படியெல்லாம் நினைத்தேனே தவிர, கூடையைத் திறக்கும் நேரத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் எழுந்து மணலை நோக்கி நடந்தேன். கோயில் பக்கமாக ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவி என்னை நிறுத்தினாள்.

“கூடையில இன்னா சார்?”

“பூனைக்குட்டி, பாட்டி.”

“யாருக்கு எடுத்தாந்தே?”

நான் பதில் சொல்லவில்லை. அவள் வேட்டியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். கரிக்குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள்.

“இன்னும் பால் மறக்கலியே. போன வருசம் இப்பிடித்தான் யாரோ நாலு குட்டிய மணல்ல வுட்டுட்டுப் போனாங்க. ராவெல்லாம் கத்திச்சு. காலையில வந்து பாத்தா ஒண்ணையும் காணோம். நாயி இருக்குது, கழுகு இருக்குது.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலில் கோபமே இல்லாமல் கேட்டாள்: “உங்க ஊர்ல வீடே இல்லியா சார்?”

போன வருஷம் அந்த மணலில் விட்டவன் நான் அல்ல. ஆனால் சந்தைத் திடலுக்கும் ராத்திரி உண்டு. அங்கேயும் நாய்கள் உண்டு. அந்த மூன்று குட்டிகள் கத்தியிருந்தால் கேட்க யார் இருந்தார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

கூடையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் மண்டபத்துக்கு வந்தேன். வாலாஜாபாத் பஸ் வர ஒரு மணி நேரம் இருந்தது. வைஷ்ணவ க்ஷேத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு பூனைக்குட்டியைப் பார்த்தால், மார்ஜார கிசோர நியாயம் ஞாபகத்துக்கு வராமல் போகுமா? ராமானுஜருக்குப் பின் வந்த ஆசாரியர்களிடையே ஒரு பெரிய கேள்வி எழுந்தது. பகவான் நம்மைக் காப்பாற்றுவதற்கு நாம் ஏதாவது செய்ய வேண்டுமா, வேண்டாமா? குரங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்கிறது. அந்த அளவாவது முயற்சி வேண்டும் என்றார்கள் வடகலையார். அவர்களுடைய பெரும் ஆசாரியரான வேதாந்த தேசிகர், இங்கிருந்து கூப்பிடு தூரத்துக் காஞ்சியில், தூப்புலில் 1268-இல் அவதரித்தவர். பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாய்ப்பூனை தானே வாயால் கவ்வித் தூக்கிப்போய்ப் பத்திரமான இடத்தில் வைக்கிறது. அதுதான் சரணாகதி என்றார்கள் பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றிய தென்கலையார். இந்த இரண்டு கட்சிகளின் வழக்கு, கோயிலில் எந்தப் பாட்டை முதலில் பாடுவது என்பது வரைக்கும் போய்க் கோர்ட்டுப் படியும் ஏறியது.

கட்சி சேர எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பூனையைப் பார்த்துத்தான் ஆசாரியர்கள் சொன்னார்கள் என்பது மட்டும் நிச்சயம். பிடரியைக் கவ்வியதும் குட்டி கை கால்களை மடக்கிக்கொண்டு துவண்டு தொங்கும். திமிறினால் தாயின் பல் பட்டுவிடும். பூனை ஏழு வீடு மாற்றும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கடுவன் பூனை வந்து கொன்றுவிடும் என்ற பயம், நாயின் பயம், மனிதர் நடமாட்டம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து அது இடம் மாற்றுகிறது. எந்த வீட்டிலும் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவதில்லை. நானோ, பிடரியைக் கவ்வும் வேலையை மட்டும் பூனையிடம் கற்றுக்கொண்டு, மீதியை விட்டுவிட்டேன்.

வீடு தோறும் ஒரு பூனை வேண்டும் என்று சொன்ன ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தரும் இந்தியாவில் இருந்திருக்கிறார். 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. எலியின் தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புகிறது என்று 1898-இல் பால் லூயி சிமோந் கண்டுபிடித்தார். அமராவதியில் வைத்திய அதிகாரியாக இருந்த புக்கானன், பூனை அதிகமாக உள்ள கிராமங்களில் பிளேக் குறைவாக இருப்பதாகக் கண்டு, பூனை வளர்க்கும்படி பிரசாரம் செய்தார்; 1908-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பூனைக்கும் பிளேக் வரும், அதனிடமிருந்து மனிதனுக்கும் வரும் என்பது இன்று தெரிந்த விஷயம். ஆகவே அந்த யோசனையை அப்படியே ஏற்க முடியாது. ஆனாலும் ஒன்று. பூனைக்கு உபயோகம் இருந்தவரைக்கும் வீடும் இருந்தது. நெல் குதிர் போய், அரிசி மூட்டை டப்பாவாகச் சுருங்கிய பிறகு, அதற்கு வீடு தேட வேண்டியிருக்கிறது.

உபயோகம் இல்லாத பிராணிக்கும் நம்மிடம் பாத்தியதை உண்டா? அசோகர் தம் இரண்டாவது பாறைச் சாசனத்தில், மனிதருக்கு ஒன்று, விலங்குகளுக்கு ஒன்று என்று இரண்டு வகை வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்ததாகச் சொல்கிறார். தம் ராஜ்யத்தில் மட்டுமல்ல; எல்லைக்கு அப்பால் உள்ள சோழர், பாண்டியர் முதலியோர் நாடுகளிலும் என்கிறார். கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் சொன்ன வார்த்தை. அதைச் சட்டமாக்கும்படி இந்திய பார்லிமெண்டில் வாதாடியவர் கலாக்ஷேத்திரத்து ருக்மிணி தேவி அருண்டேல். 1952-இல் ராஜ்ய சபையின் நியமன உறுப்பினரானவர், தாமே ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்தார். சர்க்காரே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதன் பேரில் அதை வாபஸ் வாங்கினார். 1960-இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் அவர் தலைமையில் விலங்கு நல வாரியம் சென்னையில் அமைந்தது. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி, தக்க காரணமின்றி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. முதல் தடவைக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை அபராதம் வகுத்தார்கள். ஐம்பது ரூபாய் பெரிய தொகை அல்ல. ஆனால் ‘கொண்டுபோய் விட்டு வந்தேன்’ என்பதற்குச் சட்டத்தில் வேறு பெயர் உண்டு என்று தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வயதாயிற்று.

பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். நாலு குட்டிகளும் உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. கதவைத் திறந்த மனைவி கூடையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. தாய்ப்பூனை மட்டும் காலையிலிருந்து பரணுக்கும் கொல்லைக்குமாக நடந்து கத்திக்கொண்டே இருந்ததாகச் சொன்னாள்.

எட்டு வாரம் நிறையும் வரைக்கும் தாயோடு வைத்திருந்தோம். அதற்குள் குட்டிகள் பால் மறந்து, சோறும் கருவாடும் தின்னப் பழகின; மண்ணில் குழி தோண்டி மூடவும் தாயிடம் கற்றுக்கொண்டன. பிறகுதான் வீடு பார்க்கக் கிளம்பினேன். பெண்ணுக்கு வரன் தேடிய அனுபவம் உள்ளவர்களுக்கு நான் பட்ட பாடு தெரியும். ‘கொடுங்கள், குழந்தைகள் விளையாடும்’ என்கிற வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று சீக்கிரமே கண்டுகொண்டேன். ‘ராத்திரி எங்கே படுக்கும்? வெளியூர் போனால் யார் சோறு வைப்பார்கள்?’ என்று பெரியவர்களைக் கேட்க வேண்டும். பதில் சொல்ல யோசிக்கிறவர்கள்தான் நல்லவர்கள். உடனே பதில் சொல்கிறவர்கள் யோசிக்கவே இல்லை.

சாம்பல் குட்டிகள் இரண்டும் சேர்ந்தே, எலித் தொல்லையில் தவித்த ஓர் அரிசி மண்டிக்குப் போயின. மஞ்சள் திட்டுக்காரி ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை வீட்டுக்குப் போனாள்; ஒரு வாரத்தில் திரும்பி வந்தாள், புடவையைக் கிழிக்கிறாள் என்ற புகாருடன். மறு வாரம் அந்த அம்மாளே வந்து, வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று மறுபடியும் வாங்கிக்கொண்டு போனார். கரிக்குட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை. சகுனம் சரியில்லையாம். வெள்ளைப் பூனைக்குப் பல நிறங்களில் பிறந்த குட்டிகளை எல்லாம் சமமென்று பாரதியார் ‘முரசு’ பாட்டில் பாடி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே அது எங்களிடமே தங்கிவிட்டது.

வருஷத்துக்கு இரண்டு தடவை வரன் தேடும் தெம்பு எனக்கு இல்லை. தாய்ப்பூனையைக் கால்நடை வைத்தியரிடம் எடுத்துப்போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தோம். மயக்கம் முழுதும் தெளியாமல், கூடத்து மூலையில் பழைய வேட்டிமேல் அது படுத்திருந்தது. கரிக்குட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நகரவே இல்லை.

நான் திருமுக்கூடல் அத்தியாயத்தை எழுதிவிட்டுப் படுக்கப் போகும்போது மணி பன்னிரண்டு. கூடத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அணைக்கட்டுமா?” என்றேன்.

“வேண்டாம், இருக்கட்டும். நடுவில் விழித்துக்கொண்டால் பயப்படும்” என்றாள் என் மனைவி.